மெத்தைத் துணிக் கூரை

எங்கள் சந்தில் எல்லார் வீட்டுக் கூரையும் மாறிவிட்டது, மெத்தைக்காரர் வீடு ஒன்றைத் தவிர. அது ஏன் மாறவில்லை என்றால், சந்திலேயே மோசமான கூரை அதுதான். கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகப் படும். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் வந்து நிதானமாகச் சொன்னபோது, எங்கள் எல்லார் தலையும் சரி சரி என்று ஆடியது.

நான் சந்து முனையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கூரைத் திட்டம் வீடுகளுக்கு மட்டும், கடைகளுக்குக் கிடையாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் எனக்கு இதில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியவன். ஆனால் கடைக்கு நேர் எதிரே மெத்தைக்காரர் வீடு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கூரைதான். துருப்பிடித்த தகரம், அதன் மேல் கிழிந்த தார்ப்பாய், அது பறந்துவிடாமல் இருக்க நான் கொடுத்த பழைய பைக் டயர்கள். பார்க்காமல் இருக்க முடியுமா?

திட்டம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு சங்கத்தினுடையது. அங்கே ஜனங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்புகிறார்களாம், முகம் தெரியாத எங்களுக்காக. அதை நான் குறை சொல்ல மாட்டேன். லாரி டிரைவர் வீட்டில் புது ஷீட் போட்ட பிறகு, அவர் பெண்டாட்டி வீட்டுக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள், வாய் பிளந்து. நல்ல மரம், கனமான ஷீட், ஓரமெல்லாம் சிமெண்ட் பூச்சு. ஏமாற்று வேலை இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வருகிறது. கொடுக்கிறவன் திருடனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவர்கள் நல்லவர்கள்.

திட்டத்தைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் தம்பியை நாங்கள் 'பத்துப்பை' என்போம். கை இல்லாத கோட்டு ஒன்று போட்டிருப்பார், அதில் எங்கு பார்த்தாலும் பை. சின்ன வயசு, பணிவான பேச்சு. அவர்தான் ஒருநாள் என் கடையிலிருந்து ஸ்டூலை வாங்கிக்கொண்டுபோய் மெத்தைக்காரர் வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

மெத்தைக்காரர் அப்போது ஒரு பழைய மெத்தையின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மூக்கில் துணி கட்டியிருந்தாலும் புருவம் பூராவும் வெள்ளை. பல வருஷம் மனிதர்கள் படுத்து உருண்ட பஞ்சு, கட்டி கட்டியாக, கல் மாதிரி இருக்கும். அதை இரண்டு குச்சியால் விடாமல் அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்து எழும்பும். உள்ளே அவர் சம்சாரம் மெஷினில் மெத்தைத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவளை நான் தங்கச்சி என்று முறை வைத்துக் கூப்பிடுவது பழக்கம். பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்காரர் தன் மெத்தைகள் அத்தனையையும் இவர்களிடம்தான் போட்டிருந்தார். முடித்தவை, முடிக்காதவை என்று உத்தரம் வரை அடுக்கி, மிச்ச இடத்தில் இவர்களும், பிரசவம் முடிந்து வந்திருக்கிற மகளும், அவள் கைக்குழந்தையும்.

"அக்கா, உங்க வீட்டைக் கடைசியா வச்சுக்கலாம்னு இருக்கோம்," என்றார் பத்துப்பை.

மெஷின் நின்றது. "ஏன் தம்பி? நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"தப்பு இல்லக்கா. அந்த நாட்டுலருந்து ஆளுங்க நேர்ல பார்க்க வர்றாங்க. முன்னாடி எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்குன்னு ரெண்டும் பார்க்கணுமாம். எல்லா வீட்டையும் மாத்திட்டா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட வீடு வேணுமில்ல?"

"அதுக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா?"

"உங்க வீட்டு ஓட்டைதான்க்கா பெருசு."

இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு மரியாதை இருந்தது. தங்கச்சிக்கும் ஒரு நிமிஷம் பெருமையா வருத்தமா என்று தெரியவில்லை. மெத்தைக்காரர் மூக்குத் துணியை இறக்கிவிட்டு, "வந்து பார்த்துட்டுப் போனதும் போட்டுடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"மறுநாளே ஆளு இறங்கிடும்ண்ணே. மரமெல்லாம் ரெடியா இருக்கு. அதுவரைக்கும் எதையும் தொட்டுடாதீங்க. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கணும்."

"மழைக்கு முன்னாடி வந்துடுவாங்களா?"

"அதெல்லாம் வந்துடுவாங்க."

வரவில்லை. முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றார்கள். பிறகு அந்த நாட்டில் லீவு நேரம் என்றார்கள். வெயில் போய், சாயங்காலமானால் புழுதிக் காற்று வீச ஆரம்பித்தது. தென்மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, ஏமாற்றிவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் தங்கச்சி வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாள். பிறகு உள்ளே போய் லாட்ஜ் மெத்தைகளைப் பார்ப்பாள். பஞ்சு நனைந்தால் காய வைத்துவிடலாம் என்று நினைக்கிறவன் மெத்தை தைத்ததில்லை. மேலே காயும், நடுவில் புளிக்கும். அப்புறம் அந்த வாடை போகவே போகாது. லாட்ஜ் மெத்தைகள் போனால் அவர்களுக்கு அடுத்த வேலை யாரும் தர மாட்டார்கள். இந்தத் தொழிலில் ஒரு தடவை நாறினால் நாறினதுதான்.

ஒருநாள் மெத்தைக்காரர் பொறுக்க முடியாமல் ஒரு டப்பாவில் தார் காய்ச்சினார். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி ஏறியிருப்பார், பத்துப்பை வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, அண்ணே! வேணாம்ண்ணே, இறங்குங்க!"

"ஒரே ஒரு ஓட்டையை அடைச்சுக்கறேன் தம்பி. குழந்தை தூங்கற இடத்துக்கு நேர் மேல இருக்கு."

"அந்த ஓட்டையைத்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். அதை அடைச்சிட்டா, சொந்தமா ரிப்பேர் பண்ணிக்க முடியற குடும்பம்னு மேல எழுதிடுவாங்க. பேரை எடுத்துடுவாங்கண்ணே. இவ்வளவு நாள் பொறுத்தீங்க, இன்னும் கொஞ்சம்..."

மெத்தைக்காரர் ஏணியின் நடுவில் நின்றபடி என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? "இறங்கு, டீ குடிக்கலாம்," என்றேன். தார் டப்பாவிலேயே இறுகிப்போனது. சொந்த வீட்டு ஓட்டையை அடைக்க ஊரான் உத்தரவு வேண்டியிருக்கிற பிழைப்பைப் பற்றி நான் டீக்கடையில் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். கேட்டவர்கள் எல்லாரும் புதுக் கூரைக்காரர்கள். "உனக்கென்னப்பா, ஒருத்தன் குடுக்கறதையும் கெடுத்துடாதே," என்றார்கள்.

கடைசியில் தேதி வந்தது. நாளை காலை ஒரு அம்மாள் தலைமையில் வருகிறார்கள் என்று பத்துப்பை போன் செய்து சொன்னார். அன்று மத்தியானத்திலிருந்து எதிர்வீட்டில் அமர்க்களம். தங்கச்சி மூலை முடுக்கெல்லாம் ஒட்டடை அடித்தாள். தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். என் கடைக்கு வந்து, "அண்ணே, அந்த ரெண்டு சேரும் வேணும். துடைச்சுக் குடுங்க, கிரீஸ் இருக்கு," என்றாள்.

"தங்கச்சி, இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்னுதானே சொன்னாரு?"

"இருக்கிற மாதிரின்னா? விருந்தாளி வர்றப்ப வீட்டைக் கூட்டிப் பெருக்காம யாராவது இருப்பாங்களா? மலை தாண்டி, கடல் தாண்டி ஒரு பொம்பளை என் வீட்டுக்கு வர்றா. அவ தலையில துருவா கொட்டட்டும்னு விடச் சொல்றீங்களா?"

"ஓட்டையைத்தான் பார்க்க வர்றாங்க."

"பார்க்கட்டும். வீட்டைப் பார்த்துட்டு, உட்கார்ந்து, டீ குடிச்சுட்டு, அப்புறம் ஓட்டையைப் பார்க்கட்டும். நான் மறைக்கவா போறேன்?"

ஆனால் மறைத்துவிட்டாள். வேண்டுமென்று இல்லை. தகரத்திலிருந்து துரு உதிர்ந்து, கழுவின தரையில் விழுந்துகொண்டே இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. நீலக்கோடு போட்ட புது மெத்தைத் துணி, அவர்கள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த முழுச் சுருள், அதை உருட்டி விட்டு, அகலத்துக்கு அகலம் சேர்த்துத் தைத்து, உத்தரத்துக்கு உத்தரம் இழுத்துக் கட்டினார்கள் புருஷனும் பெண்டாட்டியும். மெத்தை தைக்கிற கை இல்லையா, ஒரு சுருக்கம் கிடையாது. போய்ப் பார்த்தேன். பெரிய மனிதர் வீட்டு ஹால் மாதிரி இருந்தது. லாட்ஜ் மெத்தைகளை வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். குழந்தைக்கு வெட்டுத் துண்டில் தைத்த சின்ன மெத்தை. மகள் தலை சீவி உட்கார்ந்திருந்தாள்.

"ஓட்டையைக் காட்டணும்னா?" என்று கேட்டேன்.

"ஓரத்துல ஒரு முடிச்சை அவிழ்த்தா போச்சு," என்றார் மெத்தைக்காரர். "தம்பிதான் கூட வருவாரே, எடுத்துச் சொல்லுவாரு."

காலையில் இரண்டு கார்கள் வந்தன. உயரமான ஒரு அம்மாள், வயசான ஒரு மனிதர். அவர் வாசலிலேயே குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், எங்கே வைப்பது என்று தெரியாமல். கூடவே இந்த ஊர் ஆபீஸ் பெரியவர், நல்ல உயரம், கட்டைக் குரல். பத்துப்பை இரண்டாவது காரில் கடைசியாக இறங்கினார். அவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் முன்னால் போனவர்கள் வெளிக்கூரையை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள். ஆபீஸ் பெரியவர் அண்ணாந்து பார்த்தார், கீழே பார்த்தார், சிரித்தார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது.

பத்துப்பை வாசல்படியில் நின்று துணிக் கூரையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

அந்த அம்மாள் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ கேட்டாள். பெரியவர் அதைச் சுருக்கி, "இப்ப நல்லா இருக்கீங்களான்னு கேட்கறாங்க," என்றார்.

தங்கச்சி வாயெல்லாம் பல்லாக, "நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம். நீங்க நல்லா இருக்கீங்களா? டீ குடிங்க," என்றாள். அந்த நேரத்தில்தான் போட்டோ எடுத்தார்கள்.

டீ குடித்தார்கள். வயசானவர் மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். கார் போய்விட்டது. முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை.

சாயங்காலம் பத்துப்பை மட்டும் தனியாக வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? துணியைப் பார்த்துட்டு, இதுதான் நாங்க கடைசியா முடிச்ச வீடுன்னு பெரியவர் அவங்ககிட்ட சொல்லிட்டாரு."

"நீங்க இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? அவங்க முன்னாடி அவரைப் பொய்யராக்கினா, நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா? நீங்கதான் நல்லா இருக்கோம்னு சொல்லிட்டீங்களே."

தங்கச்சிக்கு அப்போதுதான் விஷயம் ஏறியது. அப்படியே சுவரில் சாய்ந்தாள். "வீட்டுக்கு வந்தவங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டா வேற என்ன தம்பி சொல்லுவாங்க? உங்க வீட்ல என்ன சொல்லுவாங்க?"

பத்துப்பை ஒரு பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நான் எழுதிக் கேட்கறேன்க்கா. விளக்கமா எழுதறேன். அதுவரைக்கும் கூரையை மட்டும் தொட்டுடாதீங்க. தொட்டுட்டா கேட்கறதுக்கே வழியில்லாம போயிடும்."

மெத்தைக்காரர் அதுவரை பேசாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், நூல்கண்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது உருண்டு என் கடை வரைக்கும் வந்தது. நான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாங்கி மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார்.

மறுநாள் இறங்கவேண்டிய ஆட்கள் வேறு பேட்டைக்குப் போனார்கள். மரமும் ஷீட்டும் அங்கேயே போயின. எங்களுக்கு வந்தது ஒரு பேனர். சந்து முனையில், என் கடைக்குப் பக்கத்தில், இரண்டு கம்பம் நட்டுக் கட்டினார்கள். வீட்டு அகலத்துக்கு இருக்கும். அதில் நீலக்கோட்டுக் கூரைக்குக் கீழே தங்கச்சி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் மெத்தைக்காரர், மகள், குழந்தை. கீழே பெரிய எழுத்தில், ஒழுகாத வீடு, உறுதியான வாழ்க்கை. தங்கச்சி தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதற்கு அடியில்தான் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே போவாள். லாரி டிரைவர் பெண்டாட்டி, "உனக்கென்ன, படமே போட்டுட்டாங்க," என்று சொன்னதற்கு அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மழை ஒரு மத்தியானத்தில் பிடித்தது. ஏமாற்றிப் போகிற மழை இல்லை. நான் வெளியே கிடந்த சைக்கிள்களை உள்ளே இழுப்பதற்குள் சந்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டில் மகள் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன்.

துணிக் கூரையில் தண்ணீர் சேர்ந்துவிட்டிருந்தது. மெத்தைத் துணி நெருக்கமான நெசவு, சட்டென்று விடாது. ஓட்டை வழியாக வந்ததெல்லாம் அதில் தேங்கி, நிறைமாதக் கர்ப்பிணி வயிறு போலத் தொங்கியது, குழந்தை படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே. மகள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். இன்னொரு வீக்கம் லாட்ஜ் மெத்தைகளின் பக்கமாக மெதுவாக நகர்ந்து கொண்டிருந்தது.

"குத்துங்க! குத்தி விடுங்க!" என்றாள் தங்கச்சி, ஒரு அண்டாவை இழுத்துப் போட்டபடி. மெத்தைக்காரர் முழ நீள மெத்தை ஊசியை எடுத்தார். அவர் ஆசையாக இழுத்துக் கட்டின துணி. ஒரு கணம் கை தயங்கியது. பிறகு குத்தினார். துரு கலந்த தண்ணீர் அண்டாவில் கொட்டியது. அண்டா நிறைந்தது, வாளி நிறைந்தது. ஒரு ஓட்டைக்குப் பதில் இப்போது இரண்டு. நானும் அவரும் மெத்தைகளைத் தூக்கித் தூக்கிக் காய்ந்த மூலைக்குத் தள்ளினோம். காய்ந்த மூலை சிறிதாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் பத்துப்பை வந்தார், தொப்பலாக நனைந்து. நேரம் பார்த்து வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பதில் வந்துடுச்சுக்கா."

"என்ன?"

"உங்க வீடு முடிஞ்ச வீடாத்தான் இருக்காம். மாத்த முடியாதாம். ஆனா அடுத்தது விளக்குத் திட்டம் வருது. வெயில்ல வச்சா எரியற விளக்கு. உங்களுக்குத்தான் முதல் விளக்குன்னு சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?" என்றாள் தங்கச்சி. "ஒழுகறதை நல்லாப் பார்க்கவா?"

மெஷின் மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் வெளியே இறங்கிவிட்டாள். மழையில் விறுவிறு என்று சந்து முனைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். என் கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, பேனர் கயிற்றில் கத்தரியை வைத்தாள்.

"அக்கா, வேணாம்க்கா! அது ப்ராஜெக்ட் சொத்து!"

"இதுல யாரு இருக்கா?"

"நீங்கதான்."

"என் வீடுதானே?"

"ஆமாக்கா."

"என் துணிதானே, என் பல்லுதானே? அப்ப நான் எடுத்துக்கறேன்."

ஒரு பக்கக் கயிறு அறுந்தது. மறுபக்கம் கம்பியால் முறுக்கியிருந்தார்கள், கத்தரிக்கு மசியவில்லை. பத்துப்பை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் பைகளில் கையை விட்டுத் தேடினார், ஒவ்வொரு பையாக. பேனா வந்தது, இன்னொரு பேனா வந்தது, நனைந்த விசிட்டிங் கார்டு வந்தது. "எதுவும் இல்லக்கா," என்றார். அழுகிற குரல்தான். நான் கடைக்குள் போய்க் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தேன்.

பேனரை நாலு பேரும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சந்துக்குள் போனோம். புதுக் கூரைகளின் கீழே நின்று எல்லாரும் பார்த்தார்கள். மெத்தைக்காரர் ஏணியில் ஏறினார், நானும் பத்துப்பையும் ஏணியைப் பிடித்தோம். இந்தத் தடவை இறங்கச் சொல்ல யாரும் இல்லை. தகரத்தின் மேல் பேனரை இழுத்தவர், மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே கேட்டார்.

"படம் எந்தப் பக்கம்? மேல பார்க்கணுமா, கீழ பார்க்கணுமா?"

"மேல பார்க்கட்டும்," என்று தங்கச்சி கத்தினாள். "அவங்க ஏரோப்ளேன்லதானே வருவாங்க? அடுத்த தடவை மேல இருந்தே பார்த்துட்டு, நல்லா இருக்கோம்னு நினைச்சுட்டு அப்படியே போகட்டும். கீழ இறங்க வேண்டாம்."

யாரும் சிரிக்கவில்லை. பேனர் காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது. மெத்தைக்காரர் அதன் மேல் முழங்காலை வைத்து அமுக்கிக்கொண்டு பழைய டயர் ஒன்றை இழுத்தார்.

"டயரை எங்க வைக்க?"

"சிரிக்கிறேன்ல," என்றாள். "அது மேல வைங்க."